கடுகுப் புல்வெளி

கொலுவில் படி பத்மாவுடையது, படிக்குப் பக்கத்தில் போடும் பார்க் நரசிம்மனுடையது. மெல்போர்ன் கிளென் வேவர்லியில் மற்றவர்கள் வீட்டுப் பார்க் என்றால் ஒரு தட்டு மண், அதில் முளைத்த கடுகு, குளத்துக்குப் பதில் ஒரு கைக்கண்ணாடி, கண்ணாடி மேல் ஒரு பிளாஸ்டிக் வாத்து. நரசிம்மன் வீட்டுப் பார்க்குக்கு வரைபடம் உண்டு. ஒன்றுக்கு நூற்றைம்பது என்று அளவு உண்டு. வரைபடத்தின் மூலையில் 'வரைந்தவர்', 'சரிபார்த்தவர்' என்று இரண்டு கட்டங்களும் கையெழுத்துகளும் உண்டு. சுண்டலுக்காகப் போன நாங்கள் அந்த வரைபடத்தைத் தாண்டித்தான் சுண்டலை அடைய முடியும்.

"ஆக்சுவலா பாத்தேள்னா..." என்று ஆரம்பிப்பார். முதல் எழுத்தை இழுத்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, விரலால் காற்றில் ஒரு கோடு போட்டு. அந்த 'ஆக்சுவலா' காதில் விழுந்ததும் விருந்துக்கு வந்த ஆண்கள் கார் சாவியைத் தடவிப் பார்ப்பார்கள்.

மாநகர சபையில் மழைநீர்க் குழாய்களுக்கு வரைபடம் போடுவது அவர் வேலை. மாம்பலத்தில் படிக்கும்போது ஆர்க்கிடெக்ட் ஆக ஆசைப்பட்டார். மார்க் டிப்ளமோவோடு நின்றுவிட்டது. இரண்டாயிரத்து ஒன்றில் பத்மாவையும் மூன்று வயது ஹரிப்பிரியாவையும் கூட்டிக்கொண்டு மெல்போர்ன் வந்து, நல்ல பள்ளிக்கூட எல்லைக்குள் வருகிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு குட்டி வீட்டை வாங்கினார். எந்தத் தெருவுக்கு அடியில் எத்தனை அங்குலக் குழாய் போகிறது என்பது அவருக்கு மனப்பாடம். தரைக்கு மேலே எதையாவது வரைய வேண்டும் என்ற ஆசை வருஷத்தில் ஒன்பது நாள் நிறைவேறியது.

அலுவலகத்தில் அவருக்கு ஒரு வழக்கம். கணக்குப் போட்டுக் கண்டுபிடித்த அளவைப் பென்சிலில் எழுதுவார். யாராவது அந்த இடத்துக்கே போய், நடந்து அளந்து வந்த பிறகுதான் அதை மையில் எழுதுவார். "காலால மிதிக்காத அளவு என்ன அளவு?" என்பார். கொலு பார்க்குக்கும் அதே சட்டம்தான். ஃபிளிண்டர்ஸ் ஸ்ட்ரீட் ரயில் ஸ்டேஷனைப் பார்க்கில் கட்டிய வருஷம், எட்டு வயது ஹரிப்பிரியா படிக்கட்டில் ஏறி இறங்கி எண்ணிச் சொல்ல, அவர் ரயில் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். அந்த வருஷத்திலிருந்து 'சரிபார்த்தவர்' கட்டத்தில் அவள் கையெழுத்துதான். ஒரு பெரிய ஹெச், அதற்கு வால்.

அவள் கல் கூரைகளைப் பற்றிப் படித்தாள். ஐநூறு வருஷத்துக் கல் கூரை ஏன் இன்னும் தலையில் விழாமல் நிற்கிறது என்று ஆராய்ச்சி செய்யக் கேம்பிரிட்ஜுக்குப் போனாள். வழியனுப்ப ஏர்போர்ட்டில் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்க, நரசிம்மன் அவளை ஒரு ஓரமாக நடக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். போய்த் திரும்பிப் பத்து அடி. டேப்பை இழுத்து அளந்தார்.

"அறுபத்தெட்டு சென்டிமீட்டர். இனிமே நீ எண்ணி மட்டும் சொன்னா போறும், நான் பெருக்கிக்கறேன்."

"அப்பா, செக்யூரிட்டிக்காரன் பாக்கறான்."

"பாக்கட்டும். ஷூவை மாத்தாதே."

கேம்பிரிட்ஜ் ஊர் அப்படித்தான் வந்து சேர்ந்தது, ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக, அவள் போனில் சொன்ன காலடிக் கணக்கில். கராஜில் இருந்த பழைய டேபிள் டென்னிஸ் மேசை மேல் அவர் அதை எழுப்பினார். கார் அன்றிலிருந்து வெயிலிலும் மழையிலும் வெளியேதான் நின்றது. நவராத்திரி வந்தால் நாலு பேர் பிடித்து மேசையை ஹாலுக்குத் தூக்கி வருவார்கள். முடிந்ததும் திரும்பக் கராஜுக்கு.

முதல் வருஷம் அந்த ஊரின் பெரிய தேவாலயம். அறுபது சென்டிமீட்டர் நீளம், நாலு மூலையிலும் கோபுரக் கொம்பு. உள்ளே கூரை விசிறி விசிறியாக விரியும் என்று அவள் சொன்னதால் பத்மாவின் பழைய சந்தன விசிறி ஒன்று உயிர் விட்டது. இரண்டாம் வருஷம் ஆறும் பாலங்களும். ஆற்றுக்கு அலுமினியத் தாளும் அதன் மேல் கண்ணாடியும். ஆற்றில் கழியால் தள்ளும் தட்டைப் படகுகளுக்கு வாழைப்பூ மடல். கரையோரம் தலையை விரித்துப் போட்டு நிற்கும் மரங்களுக்குப் பூக்கடையில் வாங்கிய மெல்லிய ஃபெர்ன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கல்லூரிகளின் முதுகுப்புறம் முழுக்க மேய்ச்சல் நிலம், நிஜமாகவே மாடு மேயும் என்று அவள் சொன்னதும், படியில் கிருஷ்ணனைச் சுற்றி நின்ற மூன்று பசுக்கள் இரவோடு இரவாக இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தன.

"ஏன்னா, கிருஷ்ணர் தனியா நிக்கறார்."

"ஊதட்டும். கேட்டுண்டு தானா திரும்பி வரும்."

ஒரு பாலத்தின் கைப்பிடிச் சுவர் மேல் பதினான்கு கல் உருண்டைகள். அதற்கு ஸ்ரீஜயந்திக்குச் செய்த உப்புச் சீடை. ஹரிப்பிரியா போனில் சிரித்தாள். "அப்பா, அதுல ஒரு பாலுக்கு மட்டும் ஒரு துண்டு இல்லை. கேக் கட் பண்ண மாதிரி. பின்பக்கம் இருக்கு, போட்ல போனாதான் தெரியும்." நரசிம்மன் சமையலறைக்கு ஓடினார். எண்ணெயில் வெடித்த சீடைகளைப் பத்மா ஒரு கிண்ணத்தில் மறைத்து வைத்திருந்தாள்.

"இதுதான் வேணும். இதே மாதிரி உடைஞ்சதுதான்."

"இருபத்தாறு வருஷத்துல நான் பண்ணின வெடிச்ச சீடையை நன்னாயிருக்குன்னு சொன்னது இன்னிக்குத்தான்" என்றாள் பத்மா.

பக்கத்து வீட்டு சிவனேஸ்வரி அன்ரி ஒவ்வொரு வருஷமும் முதல் ஆளாக வருவார். யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வு பெற்ற நர்ஸ். கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மேசையைச் சுற்றி ஒரு ரவுண்டு போய், ஆஸ்பத்திரியில் வார்டு பார்ப்பது போல் பார்ப்பார்.

"என்ன அண்ணை, பாலத்தில பலகாரத்தை ஒட்டி வச்சிருக்கிறியள். எறும்பு வராதோ?"

"வார்னிஷ் அடிச்சாச்சு."

"சந்தையில இருக்கிற இந்த ஆள் ஆர்? வேட்டியோட?"

"செட்டியார். வருஷா வருஷம் அவர் கடை போட்டாகணும். கேம்பிரிட்ஜ்லயும் மார்க்கெட் ஸ்குவேர் இருக்கே, அங்க போட்டுட்டேன்."

"ஓம், வெள்ளைக்காரருக்கும் பருப்பு வேணும்தானே" என்று சொல்லி, அன்ரி அடுத்த கட்டடத்துக்குப் போவார்.

மூன்றாம் வருஷம் அவள் கல்லூரி. வாசலில் மணிக்கூண்டு, உள்ளே நாலு பக்கமும் கட்டடம் சூழ்ந்த முற்றம், முற்றம் முழுக்கப் புல், எதிரே சாப்பாட்டுக் கூடம்.

"கேட்ல இருந்து ஹால் வரைக்கும் பாத்ல சுத்திப் போனா நூத்திப் பதினாலு ஸ்டெப்ஸ்பா."

"குறுக்கே?"

"குறுக்கே போக முடியாது. புல்லு."

"புல்லுன்னா மிதிச்சுண்டு போ. முள்ளா இருக்கு?"

"ஃபெல்லோஸ், காலேஜ்ல ப்ரொஃபசர் மாதிரி இருக்கறவா, மட்டும்தான் மிதிக்கலாம். ஸ்டூடன்ட்ஸ் சுத்தித்தான் போகணும். நூத்துக்கணக்கான வருஷமா ரூல்."

"அத்தனை வருஷமா ஒருத்தனுக்கும் அவசரமா பஸ் பிடிக்க வேண்டாமா?"

"ஃபெல்லோ கூடப் போனா கெஸ்ட்டும் மிதிக்கலாம். நான் ஃபெல்லோ ஆனா உங்க ரெண்டு பேரையும் கூட்டிண்டு போறேன். குறுக்கே நடந்து எண்ணியும் சொல்றேன். அதுவரைக்கும் பென்சில்லயே வச்சுக்கோ."

சமையலறையிலிருந்து பத்மா குரல் கொடுத்தாள். "மிதிக்காதேடி. அவா அவா ஆத்து வழக்கம்."

பக்கவாட்டு அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டால் குறுக்கே அறுபத்தொரு காலடி வந்தது. நரசிம்மன் அதைப் பென்சிலில் எழுதினார். முழு ஊரும் கறுப்பு மையில் இருக்க, அந்த ஒரு எண் மட்டும் சாம்பல் நிறத்தில் இருந்தது. அது மையாகும் வரை 'சரிபார்த்தவர்' கட்டம் காலியாகவே இருக்கட்டும் என்று விட்டுவைத்தார்.

அந்தப் புல்வெளிக்கு அவர் பட்ட பாடு தனிக் கதை. கல்லூரிப் புல்லை அங்கே வரி வரியாக வெட்டுவார்களாம், ஒரு வரி வெளிர், ஒரு வரி கருமை. ஒரு வரி கடுகும் ஒரு வரி வெந்தயமும் விதைத்தார். செப்டம்பர் மாத மெல்போர்ன் குளிரில் எதுவும் முளைக்கவில்லை. பத்மாவின் முழங்காலுக்கு வாங்கிய மின்சார ஒத்தடப் பட்டையைத் தட்டுக்கு அடியில் வைத்தார். புல் வந்தது. முழங்கால் வலித்தது.

அந்தப் புல்லின் ஓரத்தில், பாதை மேல், ஒரு மரப்பொம்மை நின்றது. பத்மா கல்யாணச் சீராகக் கொண்டு வந்த பள்ளிக்கூட செட்டில் மிஞ்சிய ஒரே பிள்ளை. வாத்தியார் சென்னையிலேயே உடைந்துபோனார். மற்ற பிள்ளைகள் கப்பலில் தலையிழந்தார்கள். பச்சைப் பாவாடை கட்டி, கையில் புத்தகத்தோடு நின்ற இந்த ஒருத்தியை ஹரிப்பிரியா நாலு வயதிலேயே 'இது நான்' என்று சொந்தம் கொண்டாடிவிட்டாள்.

"அப்பா, உன் ஸ்கேல்படி நான் இருபத்தஞ்சு அடி உயரம் இருக்கேன். சர்ச்சுக்குள்ள குனிஞ்சு போகணும்."

"ஃபெல்லோ ஆகப்போறவ அவ்வளவு உயரம் இருக்கலாம்."

"எப்போ என்னைப் புல்லுல வைப்பே?"

"நீ நிஜமா கால் வைக்கற அன்னிக்கு. ஒரு நாள் முன்னாடி வைக்க மாட்டேன்."

பிப்ரவரியில் அந்தச் செய்தி வந்தது. ஹரிப்பிரியாவை அதே கல்லூரியில் ஃபெல்லோவாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அக்டோபர் முதல் தேதி பதவியேற்பு. நரசிம்மன் நாள்காட்டியை எடுத்துப் பார்த்துவிட்டு வீடு வீடாகப் போன் செய்தார். "ஆக்சுவலா பாத்தேள்னா, அன்னிக்குத்தான் சரஸ்வதி பூஜை." செப்டம்பர் கடைசி வாரம் கொலுவைப் பாதியில் சிவனேஸ்வரியிடம் ஒப்படைத்துவிட்டு இரண்டு பேரும் இங்கிலாந்து போவதாக ஏற்பாடு. பத்மா முதன்முறையாக ஒரு கனமான கோட் வாங்கினாள். மதுரை மல்லிகை நிறம் கேட்டு, கடைக்காரிக்குப் புரியாமல், வெள்ளையில் வாங்கினாள்.

மார்ச் பன்னிரண்டாம் தேதி, நூலகத்தில் படித்துக்கொண்டிருந்த ஹரிப்பிரியா தலைவலி என்று மேசையில் சாய்ந்தாள். மூளையில் ஒரு ரத்தக் குழாய் உடைந்திருந்தது. இருபத்தேழு வயது. அவர்கள் விமானத்தில் இருக்கும்போதே எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த ஊரை நரசிம்மன் பார்த்தது அப்படித்தான்.

பத்மா பிற்பாடு சிவனேஸ்வரியிடம் சொன்னாள். ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த கல்லூரிப் பெண் ஊருக்குள் வழி காட்ட வந்தாள். ஆனால் இவர் முன்னால் நடந்துகொண்டிருந்தார். சந்தைச் சதுக்கத்தில் இடது பக்கம் திரும்பினார். தேவாலயத்தைத் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு சந்துக்குள் நுழைந்து பாலத்தில் ஏறி, சுவர் மேலிருந்த கல் உருண்டையின் பின்பக்கம் கையை விட்டுத் தடவினார். துண்டு இல்லாத இடத்தில் அவர் விரல் நின்றது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் புல்லெல்லாம் மஞ்சளும் ஊதாவுமாகப் பூத்திருந்தது. "மாட்டைக் காணோம்" என்றாராம். "குளிர்ல வெளியே விட மாட்டா போல இருக்கு." அவ்வளவுதான் அன்று பேசினார்.

கல்லூரிக் கூடத்தில் பிரார்த்தனை வைத்திருந்தார்கள். வாசலில் கறுப்புத் தொப்பி போட்ட காவலாளி, ஆறடிக்கு மேல் உயரம், வயதானவர், தொப்பியைக் கழற்றிவிட்டுக் கையால் புல்லைக் காட்டினார். இன்றைக்கு நீங்கள் குறுக்கே போகலாம், சுற்ற வேண்டாம் என்று சொன்னார். எல்லோரும் காத்து நின்றார்கள். பத்மா ஒரு காலைத் தூக்கிவிட்டாள்.

நரசிம்மன் அவள் கையைப் பிடித்தார். "அக்டோபர் ஒண்ணு" என்று காவலாளியிடம் ஆங்கிலத்தில் சொன்னார். "அவளுக்கு அக்டோபர் ஒண்ணிலேர்ந்துதான் அனுமதி." பிறகு பாதையில் சுற்றிக்கொண்டு நடந்தார். பத்மா பின்னால் போனாள். அவர் உதடு அசைவது அவளுக்குத் தெரிந்தது. எண்ணிக்கொண்டு போனார்.

"குறுக்கே நடந்திருந்தா அந்த அளவாவது கிடைச்சிருக்கும், சிவனேஸ்வரி. அதைக்கூட எடுத்துண்டு வரலை இந்த மனுஷன்" என்றாள் பத்மா. அன்ரி தேநீர்க் கோப்பையை எடுத்துக் கழுவப் போனார்.

ஆவணி பிறந்ததும் பத்மாவின் அண்ணா வரதராஜன் சென்னையிலிருந்து வீடியோவில் வந்தார். குடும்பத்தில் யார் எந்தச் சந்தேகம் கேட்டாலும் தீர்த்து வைப்பவர் அவர்தான். கேட்காவிட்டாலும் தீர்த்து வைப்பார். எப்போதும் முகத்தில் பாதிதான் திரையில் தெரியும், நெற்றியும் திருமண்ணும்.

"பத்மா, வருஷாப்திகம் ஆகற வரைக்கும் பண்டிகை ஒண்ணும் கிடையாது. தெரியுமோன்னோ. சீடை கிடையாது, கொலு கிடையாது."

"தெரியும் அண்ணா."

"மாப்பிள்ளை கிட்டயும் சொல்லிடு. அவர் பாட்டுக்கு பார்க் கீர்க்குன்னு ஆரம்பிச்சுடப் போறார்."

"சொல்லிட்டேன்."

சொல்லியிருந்தாள். நரசிம்மனும் தலையாட்டியிருந்தார். பொம்மைப் பெட்டிகள் பரணிலேயே இருந்தன.

செப்டம்பர் மூன்றாவது வாரம் பத்மா ரசத்துக்குத் தாளிக்கக் கடுகு டப்பாவைத் திறந்தாள். காலி. வெந்தய டப்பாவும் காலி. முழங்காலுக்கு வைக்கும் ஒத்தடப் பட்டை அலமாரியில் இல்லை. அடுப்பை அணைத்துவிட்டுக் கராஜுக்குப் போனாள்.

மேசை மேல் ஊர் முழுவதும் துணி போட்டு மூடியிருந்தது. கல்லூரி முற்றம் மட்டும் திறந்திருந்தது. நரசிம்மன் குனிந்து, மருந்து சொட்டும் குழாயால் வரி வரியாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். கடுகு அப்போதுதான் வெள்ளைக் கால் விட்டிருந்தது.

"என்ன பண்றேள்?"

"கொலு இல்லை. படி இல்லை, சுண்டல் இல்லை, யாரையும் கூப்பிடலை. வெறும் புல்லு."

"அண்ணா என்ன சொன்னார்?"

"கொலு கூடாதுன்னார். கராஜ்ல கடுகு போடக் கூடாதுன்னு சொல்லலை."

"வக்கீலா நீங்க?"

அவர் குழாயைக் கீழே வைத்தார். "பத்மா, அக்டோபர் ஒண்ணாந்தேதி அவ புல்லுல கால் வைக்கணும். அன்னிக்கு வைக்கறேன்னு சொல்லியிருக்கேன். அந்த ஒரு காரியம் மட்டும் பண்ணிடறேன். அப்பறம் மேசையை மடிச்சுடலாம், கார் உள்ளே வரட்டும். நீ என்ன சொன்னாலும் கேக்கறேன்."

"வைக்கறதுக்குக் கால் எங்கே இருக்கு?"

அவர் குழாயை மறுபடி எடுத்து அடுத்த வரிக்குத் தண்ணீர் விட்டார்.

"மரத்துல பண்ணின ஒரு பொம்மையைப் புல்லுல நிக்க வச்சா என்ன ஆகும்? சொல்லுங்கோ. என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. சொன்ன வார்த்தை நிக்கும்."

"வேண்டாம்னா. இதை விட்டுடுங்கோ. நான் கேக்கறேன்." பத்மாவின் குரல் கெஞ்சலாக மாறியது. இத்தனை வருஷத்தில் அவள் அவரை அதட்டியிருக்கிறாள், கேலி செய்திருக்கிறாள்; கெஞ்சியதில்லை. நரசிம்மனுக்கு அதன் காரணம் அப்போது தெரியவில்லை. வழக்கத்தை மீறுவதற்குப் பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

அவள் உள்ளே போய்ப் புளித்தண்ணீரைத் தாளிக்காமலே இறக்கினாள்.

அவசரத்தில் அவர் ஒரு தப்பு செய்திருந்தார். வழக்கமாக ஒன்பது நாள் கணக்கு வைத்து விதைப்பவர், இந்த முறை நாலு நாள் முன்னாலேயே விதைத்துவிட்டார். மாதக் கடைசிக்குள் கடுகு விரல் உயரத்துக்கு வளர்ந்து, தலை கனத்துச் சாய ஆரம்பித்தது. ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு, நகவெட்டும் கத்திரியோடு உட்கார்ந்து, ஒரு வரி இந்தத் திசை, ஒரு வரி அந்தத் திசை என்று புல்லை வெட்டினார். துணி காயப்போட வந்த சிவனேஸ்வரி, திறந்திருந்த கராஜ் கதவு வழியாகப் பார்த்தார்.

"அண்ணை, சாப்பிட்டனீங்களோ?"

"இன்னும் ரெண்டு வரி இருக்கு."

"பத்மா சொன்னவா. நாளைக்கு நானும் வரட்டோ? பூ, பழம் ஒண்டும் கொண்டு வர மாட்டன். சும்மா."

"சாயங்காலம் ஆறு மணிக்கு வாங்கோ. அங்க காலம்பற ஒன்பது. அப்பதான் பதவி ஏத்துப்பாளாம்." பிறகு சொன்னதைத் திருத்திக்கொண்டார். "ஏத்துப்பாளாம்னு போட்டிருந்தா."

மறுநாள் மாலை ஐந்தரைக்கு அவர் குளித்து, வேஷ்டி கட்டி, பரணிலிருந்து பொம்மைப் பெட்டிகளை இறக்கினார். சிவனேஸ்வரி சொன்னபடி வெறுங்கையோடு வந்து கராஜ் ஓரத்தில் ஒரு கதிரையில் உட்கார்ந்தார். பத்மா சமையலறையிலிருந்து வரவில்லை.

நரசிம்மனின் பெட்டிகளில் எல்லாவற்றுக்கும் சீட்டு உண்டு. 'பள்ளி செட், மிச்சம் ஒன்று' என்று எழுதிய சீட்டு இருந்தது. சுற்றியிருந்த பழைய தமிழ்ப் பத்திரிகைத் தாளும் இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. தாளை உதறினார். அடுத்த பெட்டியைப் பிரித்தார். செட்டியார் வந்தார், செட்டியாரம்மா வந்தாள், பசுக்கள் வந்தன, கிருஷ்ணர் வந்தார். பத்து அவதாரமும் கராஜ் தரையில் வரிசை கலைந்து படுத்தன. ஐந்து ஐம்பதாயிற்று. பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தார்.

"எங்க வச்சேன். இங்கதான் வச்சேன். போன வருஷம் நான்தானே சுத்தினேன்."

"ஆறுதலாத் தேடுங்கோ, அண்ணை" என்று எழுந்தார் சிவனேஸ்வரி. அவரும் குனிந்து தாள்களைப் பிரித்தார்.

"மணி ஆகறது. தப்பிடும்."

உள்கதவில் பத்மா நின்றிருந்தாள். கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டிருந்தாள், அது காய்ந்த பிறகும்.

"தேடாதேங்கோ. அது இல்லை."

அவர் நிமிர்ந்தார்.

"மார்ச்சுல கிளம்பறப்போ எடுத்துண்டு போயிட்டேன். ஹேண்ட்பேக்ல. எதுக்குன்னு அப்ப தெரியலை. அங்க பெட்டியை மூடறதுக்கு முன்னாடி அவ கையைப் பாத்தேன். வெறுங்கையா இருந்தது. நாலு வயசுலேர்ந்து கையில எதையாவது வச்சுண்டே தூங்கற கொழந்தை." பத்மா தன் உள்ளங்கையைப் பார்த்தாள். "வச்சு அனுப்பிட்டேன். அவளோடயே போயிடுத்து."

கராஜில் ஒத்தடப் பட்டையின் சின்ன விளக்கு மட்டும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

"உங்க கிட்டச் சொல்லியிருக்கணும். எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்தது. நீங்க புல்லை வெட்டறதைப் பாத்துட்டு என்னால சொல்ல முடியலை."

நரசிம்மன் கோபப்படவில்லை. தரையிலிருந்த தசாவதாரங்களுக்கு நடுவே வேஷ்டியோடு அப்படியே உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "அப்போ யாரும் இல்லை" என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. "புல்லுல நிறுத்தறதுக்கு யாரும் இல்லை."

சுவர்க் கடிகாரத்தில் ஆறு அடிக்க ஒரு நிமிஷம் இருந்தது. சிவனேஸ்வரி போய்விடலாமா என்று கைப்பையை எடுத்தார். அப்போதுதான் பத்மா மேசைக்கு வந்தாள்.

மணிக்கூண்டு வாசலில், பாதை முடிந்து புல் தொடங்கும் இடத்தில், வலது கையின் இரண்டு விரல்களை ஊன்றினாள். ஆள்காட்டி விரல், நடுவிரல். குழந்தையைச் சிரிக்க வைக்க அதன் உள்ளங்கையிலிருந்து அக்குள் வரை நடத்திக் கொண்டு போவோமே, அந்த மாதிரி.

"எழுந்திருங்கோ" என்றாள். "அவ கூட வந்தா நாமளும் மிதிக்கலாம்னு சொன்னாளா இல்லையா?"

"சொன்னா."

"பின்னே? வாங்கோ."

நரசிம்மன் தரையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் போய், தன் இரண்டு விரல்களை அதே கோட்டில் வைத்தார். வைத்த இடத்தைப் பார்த்துவிட்டுப் பத்மா சொன்னாள், "கொஞ்சம் தள்ளி. நடுவுல இடம் விடுங்கோ."

அவர் தள்ளி வைத்தார்.

கடிகாரம் அடித்தது. இரண்டு பேரும் விரலை எடுத்து வைத்தார்கள். சின்னச் சின்ன அடி. நரசிம்மனின் விரல்கள் கடுகு வரியில் தடுக்கின. பத்மா நின்று அவருக்காகக் காத்திருந்தாள். வெந்தயம் நசுங்கி வாசம் வந்தது. பாதி வழியில் அவர் விரல்கள் நின்றுவிட்டன. பத்மா தன் விரல்களை நகர்த்தாமல், அவரைப் பார்க்காமல், சாப்பாட்டுக் கூடத்து வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். "மெதுவா வாங்கோ" என்றாள். "அவளுக்கு ஒண்ணும் அவசரமில்லை."

கூடத்து வாசலை அடைந்ததும் இரண்டு கைகளும் அங்கேயே கிடந்தன.

சிவனேஸ்வரி அன்ரி இதை எங்களுக்குச் சொன்னது பல மாதம் கழித்து. வழக்கமாக ஒரு கதையைச் சொன்னால் ஏழு பேர் குரலிலும் சொல்லி, நடுவில் தானே சிரித்து, கடைசியில் சாமானின் விலையில் வந்து முடிப்பவர். அன்று மெதுவாகச் சொன்னார். "அந்தப் புல்லில ரெண்டு வரிசை தடம் கிடந்தது, பிள்ளை. நடுவில ஒரு ஆள் போற அளவுக்குப் புல் நசியாமல் அப்பிடியே நிண்டது. அதைத்தான் நான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

மறுநாள் விஜயதசமி. நசுங்கிய கடுகு பிறகு நிமிரவில்லை. நரசிம்மன் தட்டை எடுத்துத் தோட்டத்து மண்ணில் கொட்டினார். சொன்னபடி மேசையை மடிக்கப் போனபோது பத்மாதான், "இருக்கட்டும், கார் என்ன அழறதா" என்றாள். தேவாலயமும் பாலமும் அந்த உடைந்த சீடையும் துணிக்கு அடியில் இன்னும் இருக்கின்றன. கார் வெளியே நிற்கிறது.

வரைபடம் கராஜ் சுவரில் தொங்குகிறது. 'சரிபார்த்தவர்' கட்டத்தில் ஒன்றும் இல்லை. அறுபத்தொன்று இன்னும் பென்சிலில்தான் இருக்கிறது.